தலை எண்ணிக்கை

நவம்பர் கடைசியில் போன சூரியன்
வாத்சோவுக்கு ஜனவரியில்தான் திரும்பும்.
வராதவர்களோடு வாழப் பழகிய ஊர்.
அதனால்தானோ என்னவோ,
இல்வாவின் மேசைமேல் ஒரு வெள்ளை ரோபோவை வைத்தபோது
வகுப்பு அதிகம் கேள்வி கேட்கவில்லை.

முழங்கை உயரம். கழுத்து திரும்பும்.
கையில்லை, காலில்லை.
பதில் தெரிந்தால் உச்சந்தலையில் நீல விளக்கு மினுங்கும்.
கண்கள் அணைந்துவிட்டால்
விமானம் ஏறிப் போகவேண்டிய அந்த மருத்துவமனையில்
மருந்து இறங்குகிறது, அவள் தூங்குகிறாள்
என்று அர்த்தம்.

அவள் அம்மா கையெழுத்திட்ட தாளில்
எனக்கு மூன்று நிபந்தனைகள்:
யாரும் படம் பிடிக்கக் கூடாது,
இரவில் சார்ஜ் போட மறக்கக் கூடாது,
பிள்ளைகள் தூக்கி விளையாடக் கூடாது.
இரண்டைக் காப்பாற்றினேன்.

பிராகெ ஒருநாள் தன் கம்பளித் தொப்பியை
அதற்கு மாட்டிவிட்டான்.
விளக்கு மறைந்துபோய்
பின்னக் கணக்கு முடியும்வரை
அவள் கையைத் தூக்கியபடியே இருந்திருக்கிறாள்.
கை என்கிறேன், பாருங்கள்.

ஜனவரியில் தீ ஒத்திகை.
எதையும் எடுக்காதீர்கள், கோட்டுகூட வேண்டாம்,
வரிசையாக வெளியே என்பது விதி.
பனி முற்றத்தில் எண்ணினேன்: பதினாறு.
பட்டியலில் பதினெட்டு.
இல்வாவைக் கழித்தேன்.
கழித்த வேகம் எனக்கே உறைத்தது.
அப்போதும் கணக்கு உதைத்தது.

கதவை முதுகால் தள்ளிக்கொண்டு வந்தான் பிராகெ,
ஸ்வெட்டருக்குள் வெள்ளையாக எதையோ பொத்திக்கொண்டு.
திட்டுவதற்கு வாயெடுத்தேன்.
அதற்குள் அவன் நெஞ்சிலிருந்து ஒரு குரல்:
'கொஞ்சம் இடப்பக்கம் திருப்பேன்.
கடலுக்கு மேலே சிவப்பாக இருக்கே,
அது வந்துடுச்சா?'

வந்திருந்தது.
தலைகளை எண்ணிக்கொண்டிருந்தவள்
கவனிக்கவில்லை.

மே மாதம் அவளே வந்தாள்.
முடி ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது.
நாங்கள் நினைத்து வைத்திருந்ததைவிட உயரமாக இருந்தாள்;
முதல் சங்கடம் அதுதான்.
ரோபோவின் காதில்
யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்றெல்லாம் ஓதியவர்கள்
அவளிடம் வானிலையைப் பேசினார்கள்.
பிராகெ பென்சில் சீவினான்,
சீவினான்,
குப்பைத்தொட்டி அருகிலேயே நின்றான்.

மூன்றாவது பாடவேளை, புவியியல்.
பெரு நாட்டின் தலைநகர் எது என்றேன்.
அவளுக்குத் தெரியும், உதடு அசைந்தது.
கை மட்டும் மேசைமேல் கிடந்தது,
அப்படி ஒன்று இருப்பதே
மறந்துபோன மாதிரி.
நானும் அவளைக் கூப்பிடவில்லை.
அலமாரிமேல் தொப்பியோடு இருந்த
அந்த உச்சந்தலையையே
பார்த்துக்கொண்டிருந்தேன்,
மினுங்கட்டும் என்று.

வெள்ளிக்கிழமை திருப்பி அனுப்பவேண்டும்.
அட்டைப்பெட்டியோடு வந்த படிவத்தில்
கருவியின் நிலை என்றொரு கட்டம்,
இரண்டு வரிக்கு இடம்.
எழுதினேன்:
கழுத்து சற்றுத் தளர்ந்திருக்கிறது.
விட்டால் இடப்பக்கமே திரும்புகிறது.