பத்து கிராம்

யாகோபோவின் வலக்கால் என் மடியில்.
காலுறையைக் கழற்றும்போதே
வாடைக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டார்.

என்னிடம் ஒரு நைலான் இழை இருக்கிறது,
தூண்டில் நரம்பு மாதிரி.
வளையும்வரை அழுத்தினால் பத்து கிராம் பாரம்.
அவ்வளவுதான்.
"கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பட்டதும் சொல்லுங்கள்."

மூடியபடியே பேசினார்.
ஆக்லாந்து துறைமுகத்தில் பதினேழு வருடம்.
கடலுக்கு மேலே கண்ணாடிக் கூண்டு,
பாதங்களுக்கு நடுவே பாதாளம்,
குனிந்தே உட்கார்ந்து பன்னிரண்டு மணி நேரம்.
முப்பது டன் பெட்டியைக்
கட்டைவிரல் அசைவில் தூக்குவாராம்.
"முட்டையை வைக்கிற மாதிரி வைப்பேன், சிஸ்டர்."

மேலே போக லிஃப்ட்.
கீழே வந்தால் கார். காரிலிருந்து சோபா.
கோலா தாகத்துக்கு அல்ல,
கண் சொருகாமலிருக்க.

வெள்ளிக்கிழமைக் கப்பல் ஆப்பியாவுக்கு.
குளிர்பெட்டி நிறைய ஆட்டின் வயிற்று மடிப்பு,
இங்கே யாரும் சீண்டாத கொழுப்பு.
அதையும் இவர்தான் ஏற்றுகிறார்.
அந்தக் கரையில் இறக்கிக்கொண்டிருந்தது தம்பி ஃபிலிப்போ.
போன வருடம் அவனுக்கு
முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.
"உள்ளே என்ன என்று திரையில் வராது.
எடை மட்டும்தான் வரும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு கேட்டார்:
"எப்போது ஆரம்பிப்பீர்கள்?"

பெருவிரலில் மூன்று முறை,
அதன் அடியில் இரண்டு முறை
இழை வளைந்து நிமிர்ந்திருந்தது.

அறிவுரைத் தாளைக் கொடுத்தேன்.
தாளில் ஒரு தட்டு, தட்டில் பாதி கீரை.
இரவு இரண்டு மணிக்குத்
துறைமுக வாசலில் விளக்கெரிவது
பொரித்த கோழிக்கடையில் மட்டும் என்பது
தாளில் இல்லை.
என் மேசை இழுப்பறையில்
கிரீம் பிஸ்கட் இருப்பதும்.

ஏப்ரலில் மறுபடி வந்தார்.
இப்போது லிஃப்டை விட்டுவிட்டு இரும்புப் படியாம்,
நூற்று நாற்பத்தாறு.
"அறுபதாவதில் நின்று
கப்பலைப் பார்ப்பதுபோல் நடிப்பேன்."
டப்பாவில் வேகவைத்த டாரோ, கொஞ்சம் மீன்.
ஞாயிற்றுக்கிழமை விருந்தை மட்டும் கேட்காதீர்கள் என்றார்.
கேட்கவில்லை.

சர்க்கரை இறங்கியிருந்தது.
விரல் திரும்பவில்லை.
திரும்பாது என்றேன், எப்படிச் சொல்வதென்று தெரியாமல்
சட்டென்று.

கொஞ்ச நேரம் தன் காலையே பார்த்தார்,
யாரோ விட்டுப்போன பொருளைப் பார்ப்பதுபோல.
"சரி. இடதைப் பாருங்கள்"
என்று கண்களை இறுக மூடினார்.

இழையை எடுத்தேன்.
நான் தொடுவதற்கு முன்பே
"ம்" என்றார்.