கறுப்புக் கால்மிதி

முப்பத்தொரு வருடம் வின்கோ
மலைக்கணவாய்க்கு பஸ் ஓட்டினான்.
ஐம்பது கொண்டை ஊசி வளைவு.
மூடுபனியில், பள்ளத்தின் விளிம்பில்,
எதிரே வரும் லாரிக்கு வழிவிட்டுப்
பின்னுக்கு நகர்த்தியபடியே ஆப்பிள் கடிப்பான்.

அவன்தான் அன்று
வாசல் கால்மிதியின் முன்னால் நின்றுவிட்டான்.
ஒரு முழ அகலம். கறுப்பு ரப்பர்.
யெசெனித்சே சந்தையில் நான்தான் வாங்கினேன்,
பனிச்சேறு தெரியாமல் இருக்கட்டும் என்று.

"டாக்டருக்கு நேரமாகிறது, வா."
வரவில்லை.
கையைப் பிடித்து இழுத்தேன்.
கதவு நிலையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான்,
நகம் வெளுக்க.
பிடிவாதம் என்று நினைத்தேன்.
பழைய சண்டைகளுக்குப் பழிவாங்குகிறான் என்றுகூட.

மறதி வரும் என்றார்கள்.
மறதிக்குத் தயாராகத்தான் இருந்தேன்:
சாவிக்கு ஒரு கொக்கி, மாத்திரைக்கு ஏழு அறைப் பெட்டி,
பேரப்பிள்ளைகளின் பெயர்கள் ஃபிரிட்ஜ் கதவில்.
வந்ததெல்லாம் வேறு வாசல் வழியாக வந்தது.

பால் தீய்ந்து வீடே புகைந்தபோது
அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தான்;
மூக்கு அவனுக்குத் தகவல் சொல்லவில்லை.
இனிப்பே தொடாதவன்
பிளம் ஜாமைப் பாட்டிலோடு,
நின்றபடி, கரண்டியால் வழித்துத் தின்றான்.
சட்டைப்பையில் ஹோட்டல் சர்க்கரைப் பொட்டலங்கள்,
பக்கத்து வீட்டு ஸ்லாவ்காவின் துணிக்கிளிப் நான்கு.
"ரொம்ப நல்ல காரியம் செய்தாய்" என்றேன்.
"நன்றி" என்றான், மனதார.
என் குத்தல் போய்த் தைக்க
அங்கே இடமே இல்லை.

மாவட்ட நர்ஸ் த்யாஷா பிப்ரவரியில் வந்தாள்.
பூட்ஸைக் கழற்ற மறந்து உள்ளே வந்த சின்னப்பெண்.
நான் புகார்களை அவிழ்க்கத் தொடங்கினேன்.
அவள் வின்கோ பக்கத்தில் போய் நின்று,
அவன் பார்க்கும் இடத்தை
அவன் பார்ப்பதுபோலவே குனிந்து பார்த்தாள்.
"எவ்வளவு ஆழம்?" என்று கேட்டாள்.
"அடி தெரியவில்லை."

எனக்கு முழங்கால் விட்டுப்போயிற்று.
ஏழு வாரமாக
ஒரு மனிதனைக் கிணற்றுக்குள் இழுத்திருக்கிறேன்.

அவள் கால்மிதியைச் சுருட்டிப் பால்கனியில் வைத்தாள்.
வின்கோ வெளியே போய்
லிஃப்ட் பட்டனை அழுத்திவிட்டு
எங்களுக்காகக் காத்திருந்தான்.

அதன்பின் கொஞ்சம் கற்றுக்கொண்டேன்,
கோணல்மாணலாக.
வெள்ளைத் தட்டில் வெள்ளை ஷ்ட்ருக்லி
அவன் கண்ணுக்கு வெறும் தட்டு.
என் சமையல் கசந்துவிட்டது என்று அழுதிருக்கிறேன்;
நீலத் தட்டில் வைத்தேன், காலி செய்தான்.
குளியலறைக் கண்ணாடியில் நிற்கும் கிழவன் யார்,
எத்தனை நாளாக வந்துபோகிறான் என்று கத்தினான்.
அது நீதான், நீதான் என்று மூன்று நாள் வாதாடினேன்.
நான்காம் நாள் கண்ணாடிமேல் துண்டைத் தொங்கவிட்டேன்.
"போய்விட்டானா?"
"கடைசி பஸ்ஸில்."
நிம்மதியாகப் பல் துலக்கினான்.

எல்லா நாளும் அப்படி இல்லை.
ஸ்லாவ்காவின் கணவரைப் புதைத்த அன்று
குழிமேட்டில் நின்று சிரித்தான், சத்தமாக.
வீட்டுக்கு வந்து அவனைத் திட்டித் தீர்த்தேன்.
எதற்குத் திட்டு என்று தெரியாமல்
தன் தொப்பியை எடுத்து என்னிடம் நீட்டினான்.
பிறகு சுருட்டிய கால்மிதிமேல்
நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
ஸ்லாவ்காவோ, கிளிப்புகளைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்கவில்லை.
"அவனே வைத்துக்கொள்ளட்டும். கைக்கு ஏதாவது வேண்டுமே."

வெளிச்சம் சரிந்தால் அவனுக்குக் கால் தரிப்பதில்லை.
அறை அறையாக என் பின்னாலேயே வருவான்.
மூன்றரைக்கே எல்லா விளக்கையும் போடுகிறேன்.
"டிக்கெட்?" என்று கை நீட்டுவான்.
மருந்துக்கடை ரசீதைக் கொடுப்பேன்.
மூலையைக் கிழித்துக்கொண்டு மரியாதையாகத் திருப்பித் தருவான்.
"கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள் மேடம்.
வளைவு வருகிறது."
பிடித்துக்கொள்கிறேன்.

நேற்று நள்ளிரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
கால்மிதி இன்னும் பால்கனியில்தான், பனி மூடி.
அது கிடந்த இடத்தை
நான் சுற்றிக்கொண்டு நடந்தேன்.