நட்சத்திரக் குறியிட்டவை கட்டாயம்

மின்வெட்டு அட்டவணைப்படி
வெருளத்தில் ஆறு மணிக்கு இருட்டு,
டர்பனில் எட்டுக்கு.
இடையில் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில்
இரண்டு கூட்டத்தாரை நான்
ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைக்க வேண்டும்.

ஒரு பக்கம் காப்பகங்கள்:
குளிரூட்டிய அறை, பென்சிலுக்கு மட்டும் அனுமதி,
நாலு மணிக்குச் சாத்திவிடும் கதவு.
மறுபக்கம் செல்வன் மூனசாமி மாதிரி ஆட்கள்.
டோங்காட்டில் எலெக்ட்ரீஷியன்;
ஞாயிறானால் கரும்புக்குள் புகுந்து
கல்லறைக் கல்லில் மைதா தடவிப்
படம் எடுத்துக்கொண்டு வருவார்.

மைதா வேண்டாம், கல்லை அரிக்கும்,
கண்ணாடியால் வெயிலைச் சாய்த்துப் பிடித்தால்
எழுத்து தானே எழுந்துவரும்
என்று எழுதினார் காப்பகத்து நோம்தாண்டாசோ.
செயலியில் போன முதல் செய்தி அதுதான்.
அன்றைக்கே கடையை மூடியிருந்தாலும்
எனக்கு நஷ்டமில்லை.

மூடவில்லை.
கப்பல் பட்டியல்களில்
முனியம்மா ஏழு எழுத்துக்கூட்டலில் வந்து இறங்கினாள்.
ஏழையும் ஒருத்தியாக்க
நாற்பது வரி நிரல் எழுதினேன்.
மறுநாள் காலை பார்த்தால்
முந்நூற்றுப் பன்னிரண்டு முனியம்மாக்களும்
ஒரே முனியம்மாவாகி
ஒன்பது கப்பல்களில் ஒரே நேரத்தில்
பயணம் செய்துகொண்டிருந்தாள்.
ஊர், உயரம், வயது என்று
ஒவ்வொருத்தியாகப் பிரித்து எடுக்க
ஒரு வாரம்.

அப்புறம் செல்வன் கூப்பிட்டார்.
"உன் செயலி என்னைத் திட்டுது."
அவர் கண்ட கல்லில் பெயர் இல்லை,
ஆறு இலக்க எண் மட்டும்.
'குடும்பப் பெயரை நிரப்புக' என்றது திரை.
புள்ளி வைத்தார், ஏற்கவில்லை.
கோடு போட்டார், ஏற்கவில்லை.
கடைசியில் 'தெரியாது' என்று அடித்தார்.
ஏற்றுக்கொண்டது.
ஏற்றுக்கொண்டதோடு வாழ்த்தும் சொன்னது:
தெரியாது குடும்பத்தில்
உங்கள் உறவினர்
ஆயிரத்து நூற்று நாற்பது பேர் கிடைத்துள்ளனர்.

"இத்தனை பேருக்கு நான் எங்கே சோறு போடுறது"
என்று சிரித்தார்.
சிரித்து முடித்தபின்
போனை வைக்காமலே இருந்தார்.

அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை
அங்கே வைத்தவள் நான்.
காலிக் கட்டம் எனக்கு ஆகாது.
துறைமுகத்தில் மேசை போட்டு உட்கார்ந்த
குமாஸ்தாவுக்கும் ஆகாது என்றே நினைத்திருந்தேன்;
என் பெயருக்குப் பின்னால் தொங்குவது
ஏதோ ஒரு தாலுகாவின் பாதி,
மீதியைக் கேட்க அவனுக்கு நேரமில்லை.

எண்ணை அனுப்பினேன்.
நோம்தாண்டாசோ பதிவேட்டை எடுத்து
அந்த வரியைப் படம் பிடித்து அனுப்பினார்.
எண். பெண். வயது பத்தொன்பது.
பெயர்க் கட்டத்தில்
சாய்வாக ஒரு கோடு, மை சற்று ஊறியிருந்தது.
விட்டிருக்கிறான்.
அவன்கூட விட்டிருக்கிறான்.

எட்டடிக்க ஏழு நிமிடம் இருந்தது.
நட்சத்திரத்தை அழிக்க ஒரே ஒரு வரி.
அழித்ததும் இருபத்தாறு சோதனைகள்
சிவப்பாகக் கத்தின,
பெயர் இல்லாமல் எதை வரிசைப்படுத்துவது,
எந்த எழுத்தின் கீழ் வைப்பது என்று.
கத்தட்டும் என்று சேமித்தேன்.
விளக்கு போனது.

ஞாயிற்றுக்கிழமை
செல்வன் கண்ணாடியோடு போயிருக்கிறார்.
வெயில் சாய்ந்து விழுந்த படம்,
ஆறு இலக்கமும் தெளிவு.
செயலி வரியைத் தேடிக் கண்டது.
பெயர் வர வேண்டிய இடத்தில்,
பெரிய எழுத்தில்,
தன்னிடம் இருந்ததைக் காட்டியது:
இடது கணுக்காலில் தீத்தழும்பு.

நன்றி என்று எழுதுவார் என எதிர்பார்த்தேன்.
கேள்விதான் வந்தது:
"இடது என்றால்
எதிரே நின்று பார்த்தவனுக்கு இடதா,
அவளுக்கு இடதா?"

காப்பகத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.
நிலை: பதில் நிலுவையில்.