பங்காளி அல்லாத மூவர்

ஒருவருக்கொருவர் உறவில்லாத மூன்று பேர் வேண்டும்
என்கிறது படிவம்.
சாட்ஸ்வொர்த்தில் எங்கே போய்த் தேட?

தனசீலன் படையாச்சி என் தாய்மாமன் மகன்.
அவன் மனைவி சலாச்சி என் வீட்டுக்காரரின் தங்கை.
கணக்கு எழுதும் கோகிலம் கவுண்டர்
எதுவும் ஆகாது என்று எழுதப் போனேன்.
அடுப்படியிலிருந்து குரல்:
"வாசுகி கல்யாணத்தில் சம்பந்தி வரிசை வாங்கினது யாராம்?"
அடித்துவிட்டேன்.

செவ்வாய், வியாழன், சனி
விடியற்காலை நாலரைக்கு
ஒரு பழைய கோம்பி
கிராஃப்ட்டீன், பேவியூ என்று வாசல் வாசலாய் நின்று
சிறுநீரகம் பழுதான ஒன்பது பேரை
ஆஸ்பத்திரி இயந்திரங்களுக்கு ஏற்றிப் போகிறது.
அவ்வளவுதான் நாங்கள்.
நோக்கத்துக்கு இரண்டு பெட்டி விட்டிருக்கிறார்கள்.
முதன்மை நோக்கம்: கூட்டிப் போவது.
துணை நோக்கம்: திரும்பக் கூட்டி வருவது.

இலாப நோக்கற்ற.
ஆங்கிலத்தில் வாசித்ததை
மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன்.
பின்சீட்டுக் கிஸ்டன் நாயக்கருக்கு
சர்க்கரை கண்ணையும் தின்றுவிட்டது.
யார் ஏறினாலும் செருப்புச் சத்தத்தில் பேர் சொல்வார்.
எங்களில் நோக்கற்றவர் அவர் ஒருவர்தான்.
இலாபம் என்றால் அவருக்கு
குழியில்லாத ஒரு கிலோமீட்டர்.

மிஞ்சுவதை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ளலாகாது.
உறையைப் பிரித்துப் பார்த்தேன்.
ஆகஸ்டில் மிஞ்சியது நாற்பத்தொரு ராண்ட்.
சிரிப்பு வந்தது, பிறகு நின்றது.
பங்கு கேட்டால்தானே பங்காளி.
எங்கள் வீட்டில் ஒரு லிச்சி மரத்துக்காக
பதினொரு வருஷம் பேச்சு இல்லை.
சட்டம் எழுதியவர் வீட்டிலும்
ஒரு மரம் இருந்திருக்கும்.

நியாயமான ஊதியத்துக்குத் தடையில்லை.
நியாயம் எத்தனை ராண்ட்?
வண்டி ஓட்டும் பூபாலன்
டீசலுக்கு மேல் தொடுவதில்லை.
காத்திருக்கும் நேரத்தில் பீன்ஸ் போட்ட கால் பன்னி ஒன்று,
அதைச் செலவில் எழுதவா ஊதியத்தில் எழுதவா?
"எழுதாதேக்கா, பசி என் சொந்தச் சொத்து."
இரண்டாவது பேர் அவன்தான்.
டோங்காட்டுக்காரன்,
இன்னும் எங்களில் யாரையும் கட்டவில்லை.
அக்கா என்பது
படிவத்தில் வராது.

பிறகு அந்தப் பிரிவு.
கலைக்கப்படும் நாளில் சொத்து யாருக்கு?
சங்கத்துக்குப் பேரே வைக்கவில்லை,
அதற்குள் உயில்.
இதே வேலை செய்யும் வேறொரு சங்கத்துக்கு,
உறுப்பினர் எவருக்கும் அல்ல.
எழுதினேன்.
கோம்பி ஒன்று, பின்கதவு கயிற்றில்.
சக்கர நாற்காலி இரண்டு, சக்கரம் ஏழு.
கம்பளியும் ஏழு.
நாலு மணி நேரம் இயந்திரத்தில் கிடந்தால்
குளிர் எலும்புக்குள் இறங்குமாம்.
எட்டாவது ஆளுக்கு என் சால்வை.
அது சங்கத்துச் சொத்தா, தெரியவில்லை.

மேலே ஒன்பது பேர் என்றேன்.
திருத்த வேண்டும்.
சிபுசிசோ ஜூனில் போய்விட்டான்.

அவன் அக்கா தெம்பெலிஹ்லே ஸோன்டி
இன்னும் வருகிறாள்.
உம்லாஸியிலிருந்து முதல் டாக்ஸி பிடித்து,
வாசலில் நாயக்கரைக் கைப்பிடித்து இறக்க,
பிறகு தையல் ஆலைக்கு.
வியாழக்கிழமை படிவத்தை நீட்டினேன்.
"எங்களில் யாருக்காவது நீ உறவா?
சட்டப்படி கேட்கிறேன்."
ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
நெடுஞ்சாலை முடியும்வரை.
"சட்டப்படி இல்லை" என்றாள்.
பேனா வாங்கினாள்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது.
நாலாம் பக்கத்தில் சுருக்கொப்பம் விட்டுப்போச்சாம்.
பிரித்துக்கொள்ள மாட்டோம் என்கிற பக்கம்.
சனிக்கிழமை வண்டியிலேயே போட்டுவிடலாம்.
அந்நேரம் மின்சாரம் இருக்காது,
டார்ச் பிடிக்கிறேன் என்று
முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்
கிஸ்டன் நாயக்கர்.