ஒட்டுப்பால்

ஆனி மழையில் பால்வெட்டு இல்லை.
பொன்மனையில் ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகையை
மாதம் இரண்டாயிரத்துக்குப் பேசி எடுத்தான் ஹெர்மஸ்.
சுவரில் முட்டைத்தட்டு ஒட்ட வேண்டாம்,
விற்காமல் தொங்குகிற ஷீட்டுகள் போதும்,
சத்தத்தை அதுகளே குடிச்சிரும் என்றான்.
குடித்தன.
கை தட்டிப் பார்த்தேன்.
தட்டினேனா என்று எனக்கே சந்தேகம்.

கிட்டார் அவன். கீபோர்டு அவன்.
சாக்ஸபோன், மாண்டலின், தபேலா அவன்.
விளிம்பு உடைந்த ஒரு வெள்ளக்குடம்,
அதுவும் அவன்தான்.
மூன்று வருடம் தனியாக இருந்து பதிந்த ஒன்பது பாட்டு
கம்ப்யூட்டரில் தயாராகக் கிடந்தது.
எங்களை எதற்குக் கூப்பிட்டான் என்று
முதல் வாரம் விளங்கவில்லை.
வங்கியில் அரைநாள் லீவு போட்டு பேஸ் வாசிப்பேன்.
"கொள்ளாம் மக்கா" என்பான்.
மறுநாள் போட்டுக் கேட்டால்
அதே இடத்தில் அவன் வாசித்த பேஸ்,
என்னுடையதைவிடச் சுத்தமாக.

திருவிதாங்கோட்டு செய்யதலிக்கு டைல்ஸ் வேலை.
ஆறாவது பாட்டுக்குப் பதினொரு எண்ணிக்கை.
ஹெர்மஸ் விரல்விட்டு விளக்கிக்கொண்டே இருந்தான்.
"அஞ்சு முழுக்கல்லு, ஓரத்துல ஒரு அரைக்கல்லு, அவ்வளவுதானே"
என்று செய்யதலி குச்சியை எடுத்தான்.
அதற்குப் பிறகு நாங்கள் எல்லோரும்
தரை போடுகிறவர்கள்.

வினிஜா இரவு டியூட்டி முடிந்து நேராக வருவாள்.
சொல் இல்லாமல் பாடுவாள்,
ஐசியூ மானிட்டர் விட்ட சுருதியிலிருந்து தொடங்கி.
அவள் குரலுக்கு அடியில்
ஹெர்மஸ் தன் குரலை மூன்று தடவை போட்டு வைப்பான்,
அவள் விழுந்துவிடுவாள் என்பதுபோல.

பிறகு ஒரு வியாழக்கிழமை
கருங்கல் பேண்டு செட்டிலிருந்து ததேயு வந்தார்,
சிவப்புக் கோட்டும் சரிகையுமாக,
டிரம்பெட்டைத் துணிக்கடைப் பையில் சுற்றிக்கொண்டு.
"மூணு மணிக்கு ஒரு அடக்கம் உண்டு, போணும்."

ஊதினார்.
அரைக்கல் தள்ளி வந்து விழுந்தது.
மறுபடி. அதே அரைக்கல்.
ஹெர்மஸ் நிறுத்தச் சொல்லிக் கை தூக்கினான்.
ததேயு கோபப்படவில்லை:
"பெட்டி தூக்குறவன் காலை எடுத்து வச்ச பெறகுதான் ஊதணும்.
முப்பது வருசமா அப்படித்தான், கேட்டியா.
முந்திட்டா அவன் தடுக்குவான்."

மூன்றாம் தடவை
செய்யதலி ஓரக்கல்லைப் பதிக்காமல் விட்டான்.
அந்தக் குழியில் டிரம்பெட் இறங்கியது.
பாட்டு நொண்டியது, ஆனால் நடந்தது.
கனமாக எதையோ தூக்கிக்கொண்டு போகிறவர்கள்போல
நாங்கள் நாலு பேரும் ஒரே சாய்வில்.
வினிஜா சிரித்துவிட்டாள்.
அது ரெக்கார்டில் இருக்கிறது.
ஹெர்மஸ் சாக்ஸபோனை வாய்க்குக் கொண்டுபோனான்,
இறக்கினான், மடியில் வைத்தான்.
சாரல் உள்ளே அடிக்க, எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான்.
டப்.
சரியாக அரைக்கல்.

அன்று ராத்திரி தான் வாசித்ததையெல்லாம்
ஆறாவது பாட்டிலிருந்து ஒவ்வொன்றாக அணைத்தான்.
மாண்டலின் போனது. தபேலா போனது.
குடத்தில் மட்டும் கொஞ்சம் தயங்கினான்.
மற்ற எட்டுப் பாட்டையும் தொடவில்லை,
எல்லாம் அவன்தான் அவற்றில், இன்றைக்கும்.

ஆல்பத்துக்கு ஒட்டுப்பால் என்று பெயர் வைத்தோம்.
சிரட்டைக்கு வந்து சேராமல்
வெட்டிய இடத்திலேயே உறைந்துபோவது,
ஷீட்டு விலையில் பாதிகூடப் போகாது.
அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில்
ஆறாம் பாட்டு:
டிரம்பெட் ததேயு, டிரம்ஸ் செய்யதலி,
குரல் வினிஜா, பேஸ் நான்.
கதவு, ஹெர்மஸ்.

ஆவணியில் மழை விட்டது.
கொட்டகைக்காரர் ஷீட்டுகளை உருவி எடைபோட்டார்.
நாலாம் நம்பர், கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைவு,
பூப்பு பிடித்திருக்கிறதாம்.
ஹெர்மஸ் அழித்த என் பேஸ் அத்தனையும் குடித்த ஷீட்டுகள்.
லாரி திருவட்டார் வளைவில் திரும்பும்வரை
நின்று பார்த்தேன்.
டயராகும் என்றார்கள்.