மறுபக்கத்தில் ஆனைகள்

கஸ்பார் சம்மாட்டிக்கு அடி தெரியவேண்டும்.
மரத்தின் அடியல்ல, மாப்பிள்ளையின் அடி.
"அவன்ரை ஆக்கள் எங்கையிருந்து வந்ததெண்டு
புத்தகத்திலை பாத்துச் சொல்லு பிள்ளை.
எங்கடை பகுதியோ, வேறை பகுதியோ?"
மகள் றெஜினா வெளியே
வேம்போடு சைக்கிளைச் சாத்திவிட்டு
உள்ளே வராமல் நிற்கிறாள்.

இலுப்பைக்கடவைப் பங்குக் காரியாலயத்தில்
எனக்கு மூன்று வேலை.
பூசைக் காசு எழுதுவது,
மணிக்கயிறு அறுந்தால் சொல்லியனுப்புவது,
ஞானஸ்நானப் புத்தகத்தைக்
கறையானுக்குக் கொடாமல் வைத்திருப்பது.

புத்தகம் என்பதும் பேச்சுக்குத்தான்.
முதல் பதினொரு தாள் இல்லை.
தர்மபுரம் வரைக்கும் இருந்ததாம்.
மாத்தளனில் பங்கருக்குள் தண்ணீர் ஏற
யூரியாப் பையோடு தலையில் தூக்கி வைத்திருந்தவர்
வஸ்தியாம்பிள்ளை உபதேசியார்.
பையைச் சோதித்த சிப்பாய்
ஒரு தாளை மணந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தானாம்.
இதை மட்டும் சிரித்துக்கொண்டு சொல்லுவார்.
மற்றதொன்றும் சொல்லமாட்டார்.

ஒல்லாந்தன் காலம். கோயில் கதவில் பூட்டு.
வளையல்காரன் வேசத்தில் கடல்வழி வந்த சாமி
இரவில், பாலைமரத்தின் கீழ்,
தலை தலையாய்த் தண்ணீர் வார்த்தார்.
எழுதத் தாள் இல்லை.
அதனால் எங்கள் பெயர்களெல்லாம்
கும்பெனியின் ஆனைக் கணக்குக்குப் பின்பக்கம்.

முன்பக்கம், வன்னியிலிருந்து திறையாய் வந்தவை:
ஆறு முழம், கொம்பில்லை.
ஐந்தரை முழம், இடக்காலில் புண்.
குட்டி, வழியில் செத்தது.
பின்பக்கம்:
மடுத்தீன், பிறந்து எட்டு நாள்.
நத்தாலி, வயது தெரியாது, தானே நடந்து வந்தாள்.
எஸ்தாக்கி, கிழவன், காய்ச்சல்.

பழைய பாதர் ஒருவர் வரிவரியாய் வாசித்துச் சொல்ல
நான் தமிழில் எழுதி வைத்தது இது.
பறங்கி எழுத்தில் எங்கள் பெயர் படும் பாடு!
ழகரம் வந்த இடமெல்லாம் இறகு தயங்கி
ஒரு பொட்டு மை விட்டிருக்கிறது.
அந்தப் பொட்டை வைத்துத்தான்
நத்தாலி அதற்கு முதல்நாள் வரை
தாழையாத்தையாய் இருந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

பதினாறாம் தாள். ஒரே இரவு, ஒன்பது பேர்.
நாலாவது, கஸ்பார்.
சம்மாட்டியின் அடி அதுதான்,
அதே தோணித்துறை, அதே பட்டப்பெயர்.
ஏழாவது பெடியன்ரை ஆக்கள்.
தகப்பன் என்ற இடத்தில்
இரண்டு பேருக்கும் வெறுங்கோடு.
ஞானத்தாய் இரண்டு பேருக்கும் ஒருத்தி.
ஒன்பது பேருக்கும் ஒருத்தி.
புத்தகம் முழுக்க எண்ணினேன், நாற்பத்துமூன்று தரம்:
இசபேல்,
ஆனைப்பந்தி எழுத்தன் வீட்டில் கூட்டுகிறவள்.

ஊர் இல்லை. பகுதி இல்லை.
புருசன், பிள்ளை ஒருவரும் இல்லை.
கூட்டுகிறவள்.
எழுத்தன் வீட்டுக் குப்பையை
அவள் எங்கே கொண்டுபோய்க் கொட்டினாள் என்று
ஒருவரும் எழுதவில்லை.

"இதென்ன கோடு?"
"தேப்பன் பேர் தெரியாது, ஐயா."
"இவள் ஆர்?"
"உங்கடை ஆக்களுக்குத் தலைதொட்டவ.
அவையின்ரை ஆக்களுக்கும்."

சம்மாட்டி கனநேரம்
மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.
கடல் உப்பில் வெடித்த விரல்.
"எங்கடை வரியை மட்டும் கொப்பி எடு.
பின்பக்கம் வேண்டாம்."

தாள் மெல்லிசு. வெளிச்சம் ஊடே போனது.
வந்த கொப்பியில் கஸ்பாருக்குக் குறுக்கே,
இடம்வலம் மாறி,
ஆறு முழம், கொம்பில்லை.
"இன்னொருக்கா எடு."
எடுத்தேன். இன்னும் கறுப்பாய் வந்தது ஆனை.
மூன்றாம் தரத்துக்குக் கரண்ட் நின்றது.

நாலாய் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.
முழுக்க இறங்கவில்லை.
அவர் படியிறங்கிப் போகையில்
ஓரம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றதை
றெஜினா பார்த்தாள்.