இரண்டு கிராம்

ஊசி வளைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
தூசி துடைத்தவன் நான்தான்.
பூனைமேல் பழிபோடப் பார்த்தேன்,
எங்கள் வீட்டில் பூனை இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து இஸ்மத் பாய்
போனில் கேட்டார்: கை என்ன கனம்?
எந்தக் கை என்றேன்.
டோன்ஆர்ம் சார், டோன்ஆர்ம்.
கோத்தகிரிச் சந்தைக்கு மேலே மேகம்
சிக்னலைத் தின்றுகொண்டிருந்தது.
விலையில் பாதிதான் வந்து சேர்ந்தது.
நாலாயிரத்து எண்ணூறா
பதினாலாயிரத்து எண்ணூறா என்று
மறுநாள் வெயில் வரும்வரை தெரியவில்லை.

கூம்பு முனை ஒன்று.
எந்தத் தட்டிலும் ஓடும், கீறலைப் பெரிதுபண்ணாது,
பூஞ்சை பிடித்ததையும் பாடவைக்கும்.
நீள்வட்ட முனை ஒன்று.
பள்ளத்தின் சுவரில் வேறு உயரத்தில் உட்காருமாம்.
பழைய ஊசி தொடாத இடம்
அங்கே இன்னும் தேயாமல் கிடக்குமாம்.
மூன்றாவதைப் பற்றிப் பேச வேண்டாம்.
அதை வாங்க
பச்சைத் தேயிலை ஆறு மாதம் விலை ஏற வேண்டும்.

சரி, நீங்க என்ன கேப்பீங்க? என்றார் பாய்.

என்ன கேட்பேன்.
சிடிசி ரோலர் பக்கத்தில் பத்தொன்பது வருடம்.
குன்னூர் காது டாக்டர் போட்டுக் கொடுத்த கோடு
எட்டாயிரம் வரை ஒழுங்காக வந்து
கொண்டை ஊசி வளைவில்
பிரேக் போன லாரியாய்க் கீழே விழுகிறது.
ஜால்ரா எனக்கு வெறும் வதந்தி.
இருபதாயிரம் வரை எட்டும் ஊசியை வாங்கி
மிச்சப் பன்னிரண்டாயிரத்தை
யாருக்குக் கொடுக்க?
கூம்பு போதும் என்று முடிவுசெய்தேன்.

தவமலர் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள்.
அந்த வயலின் தட்டுல
அவர் மூச்சு இழுக்கிறது கேக்குமே,
இந்த ஊசியிலயும் கேக்குமா?

எந்த மூச்சு? என்றேன்.

பீன்ஸைக் கீழே வைத்தாள்.
ஆறு வருடம், ஞாயிற்றுக்கிழமைதோறும்,
ஒரே சோபா, ஒரே தட்டு.

மேட்டுப்பாளையம் பஸ்ஸில்
டிரைவர் சீட்டுக்குப் பின்னால்,
இறங்கும்போது கேரட் மூட்டை இருக்கும் இடத்தில்,
ஏறி வந்தது நீள்வட்டம்.
தீப்பெட்டியைவிடச் சின்னது.
கூடவே திருகு இரண்டு, பிரிக்க முடியாத ஒரு பிளாஸ்டிக்.

ஃபேக்டரியில் டீ ருசி பார்க்கும் அறைத் தராசை
சனிக்கிழமை கடன் வாங்கினேன்.
காரணம் என்ற கட்டத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன்.
ஒரு கோப்பைக்கு இரண்டரை கிராம் தூள்
கண்ணை மூடிக்கொண்டே அள்ளுவேன்.
இந்த முனை தட்டை அழுத்த வேண்டியது இரண்டே கிராம்.
ஒன்று புள்ளி எட்டு.
இரண்டு புள்ளி மூன்று.
மூச்சை விட்டால் எண் மாறியது.
வெள்ளை, நீலம், சிவப்பு, பச்சை:
முடி போன்ற நாலு கம்பி.
கிடுக்கி, கண்ணாடி, ஒரு கெட்ட வார்த்தை.

தட்டு சுழன்றது.
என்ன இது, என்றாள்,
மிருதங்கம் இன்னைக்கு ஜன்னல்கிட்ட உக்காந்திருக்கு.
இடது வலது மாற்றிச் செருகியிருந்தேன்.
அவிழ்த்து மறுபடியும்
நாலு கம்பி, நாலு கெட்ட வார்த்தை.

வெளியே பனிமூட்டம் வேலி வரை வந்துவிட்டது.
வயலின் தொடங்கியது.
நான் தட்டைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தேன்.
விரலைத் தூக்கினாள்:
இங்க.
கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்:
இங்க.
மூன்றாவது தடவை
அவள் விரலுக்கு ஒரு நொடி முந்தி
நான் தலையாட்டினேன்.

கேக்கலதானே?

கேக்கல.

முதல்ல இருந்து வை, என்றாள்.